இறங்கும் இடத்தை முதலில் கட்டு: பனித் தாவு மேட்டின் கதை

பனியையே பார்க்காத ஒருவர் கையில் ஒரு ஷவலைக் கொடுத்து, "வீட்டுக்குப் பின்னால ஒரு ஸ்கீ ஜம்ப் கட்டுங்க" என்று சொன்னால் என்ன கட்டுவார்? சமதரையில் பனியைக் குவிப்பார். குவியலின் முனையை ராக்கெட் ஏவுதளம் மாதிரி வானத்தைப் பார்த்துத் தூக்கி வைப்பார். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யோசிக்க மாட்டார். குதிக்கிறதுதானே வேலை, விழறது தானா நடக்கும்!

இப்போது ஒலிம்பிக் தாவு மேடைகளைப் பாருங்கள். அவற்றின் முனை மேல் நோக்கி இருக்காது. ஏறக்குறைய 11 டிகிரி கீழ் நோக்கிச் சாய்ந்திருக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வீரர், தன் காலால் உந்தி எழுவதோடு சரி, மேடை அவரை மேலே எறிவதில்லை. டிவியில் பார்க்கும்போது ஏதோ பல மாடிக் கட்டடத்திலிருந்து பாய்வது போலத் தெரியும். உண்மையில் பறக்கிற நேரம் முழுக்க, அவருக்குச் சில மீட்டர் கீழே தரையும் கூடவே இறங்கிக்கொண்டு வருகிறது.

சில வாரங்களாக இந்த விளையாட்டின் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருந்தேன். என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். 1808-ல் 9.5 மீட்டர். 2024-ல் 291 மீட்டர். இடையில் மனிதனின் கால் பலம் முப்பது மடங்கு கூடவில்லை. உடல் நுட்பம் மாறியது, கருவிகள் மாறின, அதெல்லாம் உண்மை. ஆனால் அடித்தளமாக மாறியது இறங்கும் தரைதான். அந்தத் தரையைப் பற்றிய ஒரு அரைகுறைக் கணக்கு, பெண்களை 2014 வரை ஒலிம்பிக்குக்கு வெளியே நிறுத்தவும் உதவியது. அதனால் இது வெறும் பனிக் குவியல் சமாச்சாரம் இல்லை.

ஒரு லெப்டினன்டின் தாவல்

அளந்து பதிவான முதல் தாவல் என்று பெரும்பாலும் சொல்லப்படுவது ஓலாஃப் ரீ என்பவருடையது. நார்வேயின் டெலிமார்க் பகுதியில் 1791-ல் பிறந்தவர். 1808-ல், பதின்ம வயது ராணுவ அதிகாரியாக இருந்தபோது, மற்ற வீரர்கள் பார்த்துக்கொண்டிருக்க 9.5 மீட்டர் தாவினார். பிற்பாடு டென்மார்க் ராணுவத்தில் ஜெனரலாகி, 1849-ல் ஃபிரடெரிசியா போரில் இறந்தார். ஆஸ்லோ நகரில் ஒரு சதுக்கத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ரீயின் தாவல் ஒரு சாகசம். கூட்டத்தின் முன் துணிச்சலைக் காட்டுவது. இதை வளர்த்தெடுக்கக்கூடிய ஒரு வித்தையாக மாற்றியவர்கள் வேறு ஆட்கள். அவர்களும் டெலிமார்க்காரர்கள்தான், ஆனால் சீருடை போடாத ஏழைகள்.

மோர்கெடால் குடியானவன்

சோன்ட்ரே நூர்ஹைம் 1825-ல் மோர்கெடால் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். சொந்த நிலம் இல்லாத குடியானவர். இன்னொருவர் பண்ணையின் ஓரத்தில் சின்ன வீடு, அதற்குப் பதிலாக உழைப்பு. நம்ம ஊர் பண்ணையாள் வாழ்க்கைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும் ஏற்பாடு. வீட்டைச் சுற்றிச் சரிவுகள், குளிர்காலம் முழுக்கப் பனி. பனி கூரை விளிம்பு வரை ஏறிவிடும் நாட்களில் வீட்டுக் கூரையிலிருந்தே தாவுவார் என்று அந்த ஊரில் சொல்வார்கள். வீட்டுப் பின்புறத் தாவு மேட்டுக்கு இதைவிட நல்ல மூதாதை கிடைக்காது.

நூர்ஹைமின் முக்கியப் பங்களிப்பு காலில் இருந்தது. அதுவரை ஸ்கீ என்பது கால்விரல் பக்கம் மட்டும் ஒரு வாரில் மாட்டிக்கொண்ட நீளப் பலகை. காற்றில் எழுந்தால் பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அவர் மரக்கொடி வேர்களை முறுக்கி, குதிகாலைச் சுற்றி வளைத்துக் கட்டினார். பலகை காலோடு நின்றது. திரும்ப முடிந்தது, தாவ முடிந்தது, முக்கியமாக இறங்க முடிந்தது. ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே வைத்து, முழங்காலை மடக்கி இறங்கும் முறைக்கு இன்றும் 'டெலிமார்க் இறக்கம்' என்றே பெயர். அப்படி இறங்காவிட்டால் நடுவர்கள் புள்ளியைக் குறைப்பார்கள். அதாவது, இந்த விளையாட்டின் அழகு மதிப்பெண்ணில் இறங்கும் விதத்துக்கென்று தனி இடம் உண்டு.

1868-ல் தலைநகர் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், ஒரு போட்டி. நூர்ஹைம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்தை ஸ்கீயிலேயே கடந்து போய்க் கலந்துகொண்டு நகரத்துக்காரர்களை வாயடைக்க வைத்தார். அப்போது அவருக்கு 42 வயது. நாற்பதைத் தாண்டிய எனக்கு இந்தத் தகவல் கொடுத்த உற்சாகம் கொஞ்ச நஞ்சம் இல்லை. அதே காலத்தில் அவர் 19.5 மீட்டர் தாவியதாகவும் பதிவு இருக்கிறது.

மொழியிலும் இந்தக் கதைக்கு ஒரு சாட்சி உண்டு. தாவு மேடைக்கு நார்வே மொழியில் 'ஹாப்பக்கே' என்று பெயர். ஹாப் என்றால் தாவல், பக்கே என்றால் சரிவு. ஜெர்மன் மொழியில் 'ஷான்ட்ஸே'. அந்தச் சொல்லுக்கு மூலப்பொருள், போருக்காக மண்ணைக் குவித்துக் கட்டும் காப்பரண். ஜெர்மன்காரர் குவியலைப் பார்த்துப் பெயர் வைத்தார், நார்வேக்காரர் சரிவைப் பார்த்து. எனக்கு நார்வே பெயர்தான் சரியாகப் படுகிறது. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பிளஸ் டூ இயற்பியல் போதும்

ஒருவர் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டரில், கிடைமட்டமாக மேட்டு முனையை விட்டுக் கிளம்புகிறார். முனையிலிருந்தே 30 டிகிரிச் சரிவு கீழே இறங்குகிறது. காற்றுத் தடையை இப்போதைக்கு மறந்துவிடுவோம்.

அவர் காற்றில் இருக்கும் நேரம் 1.18 வினாடி. சரிவின் மேல் டேப் வைத்து அளந்தால் 13.6 மீட்டர் தள்ளி இறங்குவார். அதற்குள் அவர் 6.8 மீட்டர் கீழே வந்திருப்பார். கீழ்த்தளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டின் மொட்டை மாடி உயரம் அது. அங்கிருந்து குதித்தால் ஆஸ்பத்திரிதான். ஆனால் இவர் சாதாரணமாகச் சறுக்கிக்கொண்டு போகிறார். எப்படி?

தரையில் மோதும் வேகத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சரிவை ஒட்டிய பங்கு உடம்பை ஒன்றும் செய்யாது, அது சறுக்கலாகத் தொடரும். சரிவுக்குச் செங்குத்தான பங்குதான் முழங்காலைப் பதம் பார்ப்பது. நம் கணக்கில் அது வினாடிக்கு 5 மீட்டர். நேராக 1.28 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் வரும் அதே வேகம். மொட்டை மாடி எங்கே, குட்டைக் காம்பவுண்டுச் சுவர் எங்கே!

பொறியாளர்கள் இதைச் 'சமான வீழ்ச்சி உயரம்' என்கிற பொருளில் ஒரு தனி அளவாகவே வைத்திருக்கிறார்கள். இதே ஆள், இதே வேகத்தில், சரிவு இல்லாமல் 6.8 மீட்டர் கீழே உள்ள சமதரையில் இறங்கினால் அந்த 6.8 மீட்டரும் முழுசாக முழங்காலுக்குத்தான் போகும். வித்தியாசம் முழுவதும் தரையின் கோணத்தில் இருக்கிறது. தாவுகிறவரின் வீரத்துக்கு இதில் பங்கே இல்லை.

வீட்டுப் பின்புறக் கணக்கு

சரி, இப்போது குழந்தைகள் கட்டும் மேட்டுக்கு வருவோம். நார்வேயில் பனி பெய்யும் ஊர்களில் பிள்ளைகள் ஸ்கீயும் ஷவலுமாகக் கிளம்பிப் போய்ச் சரிவில் ஒரு மேடு கட்டுவது சர்வ சாதாரணம்.

வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர், இறங்கும் சரிவு 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உராய்வை விட்டுவிட்டால், அந்த வேகத்துக்கு மேலே 1.3 மீட்டர் உயர இறக்கம் போதும். நிஜத்தில் இன்னும் கொஞ்சம் வேண்டும். தாவும் தூரம் 2 மீட்டர். கீழே இறங்குவது 68 சென்டிமீட்டர். உடம்பு உணர்வதோ 15 சென்டிமீட்டர், அதாவது ஒரே ஒரு மாடிப்படி! ஆறு வயதுப் பிள்ளை இதைச் சிரித்துக்கொண்டே பத்து முறை செய்யும். அதே பிள்ளை சமதரையில் இறங்கினால் ஒவ்வொரு முறையும் 68 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட மேசை உயரம்.

பனியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரி, பெரும்பகுதி காற்றுதான். அதை அப்படியே குவித்து மேலே ஏறினால் கால் புதைந்துவிடும். ஆனால் ஷவலால் வாரிப் போடும்போதே படிகங்களின் கிளைகள் உடைந்து சின்னச் சின்ன மணிகளாகின்றன. ஸ்கீயால் மிதித்து அழுத்தினால் மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி உட்காரும். பிறகு சும்மா விட்டுவிட வேண்டும். மணிகள் தொடும் இடங்களில் மெல்லப் பனிக்கட்டிக் கழுத்துகள் வளர்ந்து அவற்றை ஒட்டிவிடும். உலோகத் தூளைச் சூடாக்கி உருகவிடாமலே கெட்டியாக்குவார்கள் இல்லையா, அதே வகை நிகழ்வு. ராத்திரி முழுக்க விட்டால் காலையில் கல் மாதிரி நிற்கும். சிமென்டுக்குத் தண்ணீர் காட்டிக் காத்திருப்பது போல, இங்கே குளிருக்குக் காட்டிக் காத்திருக்க வேண்டும்.

கட்டும் வரிசை இதிலிருந்து தானாக வரும். முதலில் இறங்கும் சரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் அடியில் நின்று வேகம் குறைய இடம் இருக்கிறதா, மரம், வேலி, சாலை குறுக்கே வருகிறதா என்று பார்க்க வேண்டும். சரிவில் பள்ளம் இருந்தால் பனியை நிரப்பி மிதிக்க வேண்டும். தாவு முனையைக் கடைசியில், தாழ்வாக, முக்கியமாக மேல் நோக்கி நிமிராமல் கட்ட வேண்டும். முனை நிமிர்ந்தால் ஆள் உயரப் போய்ச் செங்குத்தாக விழுவார், சரிவு கொடுத்த சலுகை போச்சு.

சரிவு முடிந்த இடத்தில் விழுந்த சாம்பியன்

கிராமத்து வித்தை மெல்ல நகரத்துத் திருவிழா ஆனது. 1879-ல் கிறிஸ்தியானியாவுக்குப் பக்கத்தில் ஹூசெபி சரிவில் பெரிய போட்டி. 1892-ல் அது ஹோல்மென்கோலன் குன்றுக்கு மாறியது. அங்கே முதல் மேடை மரக்கிளைகளைப் போட்டு மேலே பனியை மூடிச் செய்தது. அந்த ஆண்டின் நீண்ட தாவல் ஆர்னே உஸ்ட்வெட்டின் 21.5 மீட்டர்.

முதல் உலகப் போருக்குப் பிறகு கோங்ஸ்பெர்க் ஊரைச் சேர்ந்த யாக்கோப் டுல்லின் தாம்ஸ், சிக்மண்ட் ரூட் இருவரும் நிமிர்ந்து நிற்பதை விட்டுவிட்டு இடுப்பை வளைத்து முன்னே சாயும் பாணியைக் கொண்டுவந்தார்கள். காற்று அவர்களைத் தாங்க ஆரம்பித்தது. 1924-ல் ஷாமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் தாம்ஸுக்குத் தங்கம்.

1928-ல் செயின்ட் மோரிட்ஸ். இங்கேதான் கணக்கு பழி வாங்கியது. ஓட்டச் சரிவின் எந்த உயரத்திலிருந்து கிளம்புவது என்று சர்ச்சை. மேடை இவ்வளவு வேகத்தைத் தாங்காது, கீழிருந்து கிளம்பலாம் என்பது நார்வே தரப்பு. பயந்துவிட்டார்கள் என்கிற ஏளனம் எதிர்த் தரப்பு. கடைசியில் உயரத்திலிருந்து கிளம்ப முடிவானது. தாம்ஸ் அந்தப் போட்டியிலேயே நீளமான தாவலாக 73 மீட்டர் பறந்தார். ஆனால் சரிவு அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. சமதரையில் மோதி, விழுந்து, காயப்பட்டார். அவரைவிடக் குறைவாகத் தாவிய ஆல்ஃப் ஆண்டர்சன் தங்கம் வென்றார், இரண்டாவது ரூட்.

தாம்ஸின் உடலிலோ நுட்பத்திலோ பிழை இல்லை. மென்பொருள் பாஷையில் சொன்னால், உள்ளீடு எல்லையைத் தாண்டிவிட்டது, எல்லையைச் சோதிக்க யாரும் இல்லை. இன்று அந்தச் சோதனை இருக்கிறது. ஒவ்வொரு மேடையிலும் கே புள்ளி என்று ஒன்று உண்டு, சரிவின் செங்குத்து குறையத் தொடங்கும் இடம். தூர மதிப்பெண்ணே அங்கிருந்துதான் கணக்கிடப்படுகிறது. தாவல்கள் மிக நீளமாகப் போனால் நடுவர் குழு கிளம்பும் வாயிலைக் கீழே இறக்கிவிடும். அதைக் கோழைத்தனம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

கடிகாரக்காரரும் விமானக்காரரும்

தரையைக் கணக்கோடு செதுக்கியவர்களில் இரண்டு பேரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒருவர் ரைன்ஹார்ட் ஷ்ட்ராவ்மன் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். தொழில் கடிகாரம். இயந்திரக் கடிகாரங்களின் மெல்லிய சுருள்வில்லுக்கான நிவாராக்ஸ் உலோகக் கலவையை உருவாக்கியவர் இவர்தான். அவர் பெயரில் 1954-ல் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் பல் பதிப்பு உலோகங்களுக்குப் பேர் பெற்றது. அதே மனிதர் 1920-களில் தாவும் வீரரின் பொம்மையைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, காற்று எவ்வளவு தாங்குகிறது, பாதை எப்படி வளைகிறது, அதற்கு ஏற்ற சரிவு எது என்று ஆராய்ந்தார். தாவு மேடைகளுக்கான சர்வதேச விதிகளில் அவர் வேலையின் பங்கு உண்டு.

இன்னொருவர் ஸ்லோவேனியாவின் ஸ்டாங்கோ ப்ளோவ்டெக். விமானங்களை வடிவமைத்தவர். பிளானிட்சா பள்ளத்தாக்கில் அவர் பெயர் தாங்கிய மேடையில் 1936-ல் 18 வயது ஆஸ்திரியர் செப் பிராடல் 101 மீட்டர் தாவினார். உலகில் 100 மீட்டரைக் கடந்த முதல் தாவல். விமானம் செய்கிறவர் தரையைச் செய்ததில் ஆச்சரியம் இல்லை. பறப்பதைப் புரிந்துகொண்டவருக்குத்தான் இறங்குவதன் அருமை தெரியும்.

யாருடைய முழங்கால்?

1862-ல் நார்வேயின் த்ரிசில் ஊரில் நடந்த போட்டியில் இங்ரிட் ஓல்ஸ்டாட்டர் வெஸ்ட்பி என்ற பெண் தாவினார். பதிவாகியுள்ள முதல் பெண் தாவல் அதுதான் என்று கருதப்படுகிறது. 1911-ல் கிட்ஸ்பூலில் பவுலா லாம்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்துப் பெண் நீளப் பாவாடையோடு 22 மீட்டர் போனார். 1892 ஹோல்மென்கோலனின் மிக நீண்ட தாவலைவிட அரை மீட்டர் அதிகம்.

ஆனால் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 2014-ல், சோச்சியில். ஜெர்மனியின் கரினா ஃபோக்ட் முதல் தங்கம் வென்றார். ஆண்களுக்கு 1924, பெண்களுக்கு 2014. நடுவில் 90 ஆண்டு.

2005-ல் சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஜான் ஃபிராங்கோ காஸ்பர் ஒரு பேட்டியில் காரணம் சொன்னார். சுமார் இரண்டு மீட்டரிலிருந்து தரையில் ஆண்டுக்கு ஆயிரம் தடவை குதிப்பது மாதிரி இது, மருத்துவ ரீதியாகப் பெண்களுக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை என்பது அவர் பேச்சின் சாரம்.

இதைப் படித்தபோதுதான் மேலே உள்ள கணக்கைப் போட உட்கார்ந்தேன். இரண்டு மீட்டர் என்ற எண்ணில் எனக்குச் சண்டை இல்லை. என் சின்ன மேட்டிலேயே 1.28 வருகிறதே. கேள்வி, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது. வேகம், புறப்படும் கோணம், சரிவின் கோணம், அவ்வளவுதான் சமன்பாட்டில் இருக்கிறது. ஆணா பெண்ணா என்று ஒரு மாறி அதில் இல்லை. சமான வீழ்ச்சி உயரம் என்பது மேடையின் குணம். அதிகம் என்று நினைத்தால் சரிவை மாற்றுங்கள், வாயிலை இறக்குங்கள். 1928-ல் ஓர் ஆண் சமதரையில் மோதியபோது எல்லாரும் மேடையைத்தான் குறை சொன்னார்கள், ஆண்களுக்கு இது ஒத்துவராது என்று யாரும் முடிவு கட்டவில்லை.

2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்கு முன் வீராங்கனைகள் கனடாவில் நீதிமன்றம் போனார்கள். 2009-ல் பிரிட்டிஷ் கொலம்பியா நீதிமன்றம், இது பாகுபாடுதான், ஆனால் போட்டிகளை முடிவு செய்யும் சர்வதேச ஒலிம்பிக் குழுவைக் கனடாவின் உரிமைச் சாசனம் கட்டுப்படுத்தாது என்றது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் லின்சி வான். ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட அந்த விஸ்லர் மேடையில் ஆண், பெண் இருபாலரிலும் அப்போதைய சாதனைத் தூரமே அவருடையதுதான், 105.5 மீட்டர். போட்டி நாளில் அவருக்கு அங்கே இடம் இல்லை.

மறுபடியும் பனி

2024 ஏப்ரலில் ஜப்பானின் ரியோயு கோபயாஷி ஐஸ்லாந்தில் அக்குரேரி நகருக்குப் பக்கத்து மலையில் 291 மீட்டர் பறந்தார். அதிகாரப்பூர்வச் சாதனையாக இது ஏற்கப்படவில்லை, போட்டி விதிகளுக்கு வெளியே நடந்தது. அந்தக் கணக்கில் சாதனை 2025 மார்ச்சில் ஸ்லோவேனியாவின் டோமன் பிரெவ்ட்ஸ் பிளானிட்சாவில் தாவிய 254.5 மீட்டர். ஆனால் என்னை இழுத்தது அக்குரேரிதான். அங்கே நிரந்தர மேடை இல்லை. இயற்கையான மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்து, பனியைக் குவித்துச் செதுக்கி, அந்த ஒரு முயற்சிக்காகவே கட்டினார்கள். மோர்கெடால் பிள்ளைகள் செய்ததும் இதுதான், அளவுதான் வேறு.

நூர்ஹைம் 1884-ல் வறுமையால் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். கடைசிக் காலம் வடக்கு டகோட்டாவில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான புல்வெளியில். பனிக்குக் குறைவில்லை, சரிவுதான் இல்லை. 1897-ல் அங்கேயே இறந்தார். 1952-ல் ஆஸ்லோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, சுடரை மோர்கெடாலில் அவர் பிறந்த வீட்டு அடுப்பில்தான் ஏற்றினார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் மினசோட்டாவிலோ டொராண்டோவிலோ ஆஸ்லோவிலோ இருப்பவர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். இந்தக் குளிர்காலத்தில் பிள்ளைகள் ஷவலோடு வந்து நின்றால், மேட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். சரிவின் அடியில் போய் நின்று மேலே பாருங்கள். பிள்ளை எங்கே வந்து நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், எங்கிருந்து கிளம்பும் என்பதைக் கடைசியில். மகளும் மகனும் இருந்தால் இரண்டு பேருக்கும் அதே மேடு போதும்.